நவமி முடியும்வரை பங்க் ராக் கிடையாது

யாராவது என்னைப் பாராட்டினால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவேன். குறை சொன்னால் மட்டும் கமா, முற்றுப்புள்ளியோடு மனப்பாடமாகிவிடும். பாடப் புத்தகம் இப்படி மண்டையில் ஏறியிருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ போயிருப்பேன். ஏறவில்லை. ஏறியது ஒரு விமர்சகர் எழுதிய ஒற்றை வரி.

இருபது வயதில் நான் பங்க் ராக் பாடகி. (சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.) வாசிக்கத் தெரிந்தது கொஞ்சம், கத்தத் தெரிந்தது நிறைய, உலகத்தின்மேல் மொத்தமாக ஒரு கோபம். இவ்வளவு இருந்தால் பங்க் குழு ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தோம். பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் வீட்டுக்குக் கீழே அப்பாவின் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் அங்கே ஒத்திகை பார்ப்போம். நவீன் கிட்டார். இம்ரான் டிரம்ஸ். நான் பேஸ் கிட்டாரும் பாட்டும். குழுவின் பெயர் ‘நோ சைலன்சர்’.

நாலு பாட்டுகளை அந்தப் பட்டறையிலேயே பதிவு செய்து இணையத்தில் ஏற்றினோம். அதில் முக்கியமான பாட்டு ‘சாமியும் வேண்டாம், சாரும் வேண்டாம்’. எழுதியவன் நவீன். அவனுக்குத் தாய்மொழி கன்னடம். தெரிந்த தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு முடிந்த அளவு புரட்சி செய்திருந்தான். அம்மா பாட்டை முழுவதும் கேட்டாள்.

“சார் வேணாம்னா சரி. சாமி உங்களுக்கு என்னடி பண்ணாரு?”

எங்கள் இசைக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான். இரண்டாவது விமர்சனம் ஒரு இணைய இதழில் வந்தது. எழுதியவரை இந்த ஊர் இசைக்குழுக்கள் எல்லாம் வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பயந்து பார்க்கும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். டிரம்ஸ் வாசிப்பவர், பக்கத்து வீட்டில் யாரோ தூங்குவதுபோல் அடிக்கிறார் என்றார். (பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. டிரம் மேல் துண்டு போட்டுத்தான் இம்ரான் அடித்தான். இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?) கடைசியில் என்னைப் பற்றி அந்த வரி: “பாடகியிடம் கோபம் இருக்கிறது, ஆனால் அது வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்த கோபம்.”

அதற்குப் பிறகு என்னால் பாட முடியவில்லை. வாயைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் அந்த வரி வந்து நின்றது. நாலு பாட்டு திட்டு வாங்கினால் என்ன, நாற்பது எழுதலாம். ஆனால் என் கோபமே பொய் என்றால் நான் எதைப் பாடுவது? இரவல் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவளாகத் தோன்றியது. இம்ரான் பேசாமல் டிரம்ஸை விற்றுவிடலாம் என்றான். நான் விமர்சகருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ரெக்கார்டிங்கை வைத்து எங்களை எடை போடாதீர்கள், ஒருமுறை நேரில் வந்து கேளுங்கள் என்று சவால். அவர் சுருக்கமாகப் பதில் போட்டார்: “தேதி சொல்லுங்கள்.”

வைட்ஃபீல்டில் ஒரு பீர்க்கடை (அங்கே போய் அதை பீர்க்கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்) எங்களுக்கு மேடை தர ஒப்புக்கொண்டது. ஆயுத பூஜை அன்று மாலை. விடுமுறை நாள், மேடை காலி, விமர்சகரும் வருகிறார். இதைவிட நல்ல நாள் கிடையாது என்று நானேதான் முடிவு செய்தேன். பட்டறைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி ஆயுத பூஜை என்றைக்கு, அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை மறந்துபோனால் அவளை என்ன செய்வது?

அன்று பகலில் கிட்டாரை எடுக்கக் கீழே போனேன். நவீனும் இம்ரானும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். பட்டறை கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு மாலை, ஸ்பேனர்களுக்குச் சந்தனப் பொட்டு. அந்த வரிசையில் என் பேஸ் கிட்டார், நவீனின் கிட்டார், இம்ரானின் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர். எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை, குங்குமம். ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒரு எலுமிச்சம்பழம்.

“எடுக்கக் கூடாதுடி. பூஜையில வச்சாச்சு. நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும்” என்றாள் அம்மா.

“அம்மா, சாயங்காலம் ஷோ இருக்கு. இது பங்க் ராக். இதுல சாமி எல்லாம் கிடையாது.”

“உனக்குக் கிடையாது. கிட்டாருக்கு இருக்கு.”

யார் இதையெல்லாம் கொண்டுவந்து வைத்தது என்று கத்தினேன். நவீன் தரையைப் பார்த்தான். காலையிலேயே வந்து உதவி செய்தவனாம். பாட்டில் சாமியே வேண்டாம் என்று எழுதிய அதே நவீன், தன் கிட்டாரைத் தானே கொண்டுபோய் லேத்துக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறான்.

“சும்னே யாக்கே ரிஸ்க்கு?” என்றான். எதுக்கு வீணாக வம்பு என்று அர்த்தம்.

இம்ரானாவது என் பக்கம் நிற்பான் என்று திரும்பினேன். “அங்கிள்தான், தம்பி உன் டிரம்ஸையும் வைப்பா, அதுவும் ஆயுதம்தானேன்னாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சுப்பா. எங்க வீட்ல அதை டப்பான்னுதான் சொல்வாங்க” என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் டியூஷன் எடுக்கப் போவதாகத்தான் அவன் வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நிஜமான பங்க் பாடகி என்ன செய்திருப்பாள்? கையை நீட்டி எடுத்திருப்பாள். நானும் நீட்டினேன். கிட்டாரின் கழுத்துக்குப் பக்கத்தில் போய்க் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு முறுக்காணிக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்திருந்தது. லேத்தைத் துடைத்த கையோடு அப்பா அதையும் துடைத்திருக்கிறார்.

“கம்பியெல்லாம் துரு பிடிக்கிற மாதிரி இருந்துச்சு பாப்பா. கொஞ்சம் மெஷின் ஆயில் போட்டுருக்கேன்” என்றார் அப்பா. எங்கள் பாட்டு ஒன்றைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. ஆனாலும் அவருடைய கணக்கில் அது எனக்குச் சோறு போடப்போகிற கருவிகளில் ஒன்று. அந்த மரியாதையை அதுவரை நானே அதற்குக் கொடுத்ததில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். கோபமும் வந்தது. இப்படி அன்பாக இருக்கிறவர்களை எதிர்த்து எப்படித்தான் புரட்சி செய்வது?

கடைசியில் அம்மா கோயில் குருக்களுக்கு போன் போட்டாள். குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நவமி முடிந்து தசமி வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஒரு கற்பூரம் காட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஆக, உலகத்தின் எல்லா அதிகாரங்களையும் எதிர்க்கிற ‘நோ சைலன்சர்’ குழு, பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டு, திதி மாறுவதற்காகப் பட்டறை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

தசமி வந்தது. கற்பூரம் காட்டியாயிற்று. சாமான்களை ஏற்றப் பேசியிருந்த சரக்கு வண்டிக்கும் அன்று பூஜை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் மாலை. புதுசாகப் பூஜை போட்ட வண்டி என்று டிரைவர் அதை மாப்பிள்ளை ஊர்வலத்தின் வேகத்துக்கு மேல் ஓட்டவே இல்லை. மாரத்தஹள்ளிக்குப் பிறகு சாலை நெரிசலும் அதற்கு ஒத்துழைத்தது. நாங்கள் போய் இறங்கியபோது நிகழ்ச்சி தொடங்கவேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. விமர்சகர் போகாமல் முன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவர் கையிலும் ஒரு பொட்டலம் பொரியைத் திணித்தார்.

“என்ன ஆச்சு?” என்று விமர்சகர் மேடையைப் பார்த்துக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

பெங்களூரில் தாமதத்துக்கு ‘டிராஃபிக்’ என்ற ஒரு சொல் போதும். அதற்குமேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இம்ரான் மைக்கைப் பிடித்து, அரிச்சந்திரன் பேரன் மாதிரி சொல்லிவிட்டான்: “இவங்க அம்மா எடுக்க விடல சார். வீட்ல பர்மிஷன் கிடைக்க லேட்டாயிடுச்சு.”

மைக் நன்றாகவே வேலை செய்தது. விமர்சகர் பொரியை மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினார். பிறகு சிரித்தார். குனிந்து, மேஜையில் கை ஊன்றி, தோள் குலுங்கச் சிரித்தார். அவர் எழுதிய வரியை மெய்ப்பிக்க நாங்கள் வாழைக்கன்றோடு வந்து இறங்கியிருந்தோம்.

பிறகு வாசித்தோம். அப்பாவின் மெஷின் ஆயில் அருமையான ஆயில். கம்பியில் விரல் நிற்கவே இல்லை. ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் போய் நின்றது. ‘சாமியும் வேண்டாம்’ என்று நான் கத்தியபோது நெற்றியில் அம்மா வைத்த குங்குமம் வியர்வையில் மூக்குவரை வழிந்துவிட்டது. பாட்டுக்கு நடுவில் எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இரண்டையும் பாட்டு என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

அவர் எழுதினார். வாழைக்கன்றைப் பற்றி ஒரு பத்தி, பொரியைப் பற்றி ஒரு பத்தி. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி: “பாடகிக்குக் குரல் இருக்கிறது, யார்மேல் கோபம் என்பதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.” இதுவும் மனப்பாடம். முதல் வரியைவிட இது வலித்தது; ஆனால் நியாயமான வலி. அனுமதி கேட்டுவிட்டு வந்தால் கோபம் பொய்யாகிவிடாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இம்ரான் அனுமதி கேட்கவே முடியாத வீட்டிலிருந்து வந்தவன். அவனிடம்தான் கோபமே இல்லை. எனக்கு இருந்தது. அதற்கான ஆளை நான் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். அங்கே அப்பா எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

குழு கல்லூரியோடு கலைந்தது. நான் வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். இப்போது ஆயுத பூஜைக்கு அம்மா லேத்துக்குப் பக்கத்தில் என் ஆபீஸ் லேப்டாப்பை வைக்கிறாள். ஒவ்வொரு வருடமும் மேனேஜர் போன் செய்வார், நான் அம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்து வேலை செய்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். போன வருடமும் போன் வந்தது. சின்ன வேலை, பத்து நிமிஷம் என்றார்.

“லேப்டாப் பூஜையில் இருக்கு சார். நாளைக்குத்தான் எடுப்பேன்.”

“அதெல்லாம் வெறும் சம்பிரதாயம்தானே?” என்றார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சம்பிரதாயம் இல்லை சார், லீவு. தீபாவளிக்கும் கூப்பிட்டீர்கள், என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் கூப்பிட்டீர்கள். லேத்துக்கே ஒருநாள் ஓய்வு உண்டு, எனக்குக் கிடையாதா என்று ஆரம்பித்து, அடிவயிற்றிலிருந்து, பட்டறையின் தகரக் கதவு அதிரக் கத்தி முடித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் சுண்டல் தட்டோடு அம்மா.

“இப்படி அன்னைக்கே பாடியிருந்தா அந்த ஆளு நல்லபடியா எழுதியிருப்பான்ல?” என்றாள்.

அன்றிலிருந்து நான் போனில் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் வீட்டில், “கச்சேரி ஆரம்பிச்சாச்சு” என்கிறார்கள். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறார்.