சம்மந்தி வீட்டுத் தண்ணீர்

தாம்பூலம் மாற்றுவதற்குள்ளேயே உலகநாதன் நான்காவது செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டார்.

"செலியமேட்டுலேருந்து மாட்டுவண்டி. நல்ல வெயிலு," என்றார், யாரும் கேட்காமலே.

பூரணாங்குப்பத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மகள் அமுதத்துக்கு இரண்டு இடம் தட்டிப்போய் அமைந்த சம்பந்தம் இது. பிரெஞ்சு நகரசபையான மேரியில் கல்யாணம் பதிய நாள்கூடப் பார்த்தாகிவிட்டது.

போன வாரம் பாகூர் டாக்டர் சொன்னது உலகநாதன் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது.

"உமக்கு நீரிழிவு. சாப்பிடறது உடம்புல ஒட்டாம, சர்க்கரையா ரத்தத்துல தங்கிடுது. சிறுநீரோட அது வெளியே போறப்ப தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகுது. அதான் தீராத தாகம். எவ்வளவு தின்னாலும் இளைப்பீர். கால் புண்ணும் லேசுல ஆறாது. ஊசி மருந்து பிரான்சுலேருந்து கப்பல்ல வரணும். அதுவரைக்கும் இனிப்பைத் தொடாதீர்."

"பரம்பரை வியாதின்னு பொண்ணை வேணாம்னுடுவாங்க. வாயைத் தொறக்காதீங்க," என்று மனைவி தையலம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நாகராஜன் பாயசத்தை நீட்டினார். "சாப்பிடுங்க சம்மந்தி."

"நீங்க?"

"எனக்கு இன்னிக்கு விரதம்."

மறுத்தால் மரியாதையாக இராது. உலகநாதன் குடித்தார். கிண்ணம் மறுபடி நிறைந்தது. அதையும் குடித்தார். தொண்டை வறண்டது. ஐந்தாவது செம்பு வந்தது. கொல்லைக்குப் போய்வந்தார், உட்கார்ந்ததும் மறுபடி எழுந்தார்.

"இன்னா சம்மந்தி, வயிறு சரியில்லியா?"

"ஆமாங்க, லேசா."

தப்பித்தோம் என்று நினைத்தார். உடனே உள்ளிருந்து வெல்லம் தட்டிப்போட்ட சுக்குக் கஷாயம் வந்தது. அதையும் குடிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் முறை கொல்லைக்குப் போனபோதுதான் பார்த்தார். அவர் நின்ற வேலியோரத்தில் எறும்பு கறுப்பாய் மொய்த்திருந்தது. நீரிழிவுக்காரர் சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்று தெரியாதவர் ஊரில் யார்? பதறிக் காலால் மண்ணைத் தள்ளினார். கரும்புக் கட்டை குத்திய பழைய புண் திறந்து ரத்தம் வழிந்தது. வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவரை நடுங்கவைத்தது.

"அண்ணே!"

மாப்பிள்ளையின் தாய் தனக்கொடி, கையில் சாம்பல் முறத்தோடு நின்றாள்.

உலகநாதன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மறைக்கப் பாத்தேன் தங்கச்சி. எனக்கு நீரிழிவு. எறும்பே காட்டிக் குடுத்துடுச்சி. எம்பொண்ணு ஒரு பாவமும் அறியாதவ. என் நோவுக்காக அவளை ஒதுக்கிடாதீங்கம்மா."



தனக்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது உங்க எறும்பு இல்லண்ணே, எங்க வூட்டுக்காரருக்கும் ரெண்டு வருசமா இதேதான், நீங்க பாத்துட்டா பொண்ணு குடுக்க மாட்டீங்களேன்னு காலையிலேருந்து நாலு வாட்டி சாம்பல் கொட்டிட்டேன்!"