முகநேரம் காத்த லியூயிங்

உலகில் நீதிக்காக நடந்த போராட்டங்களை வரலாற்று ஆசிரியர்கள் வகை வகையாகப் பிரிப்பார்கள். நிலத்துக்காக நடந்தவை, உப்புக்காக நடந்தவை, வாக்குரிமைக்காக நடந்தவை என்பார்கள். பாவம், அவர்களுக்கு விவரம் போதாது. நான்சாங் நகரத்து வான் லியூயிங் ஒரு நடிகரின் முகத்துக்காக நடத்திய போராட்டத்தின் முன்னால் அவையெல்லாம் வெறும் தெருக்குழாய்ச் சண்டை.

அந்த நடிகர் ரோங் சிஹெங். அவரை நாடே அறியும். அறியாதவர்களுக்கு அறிவிப்பதற்கென்றே அவருடைய ரசிகர் மன்றத்தில் தனிப் பிரிவு உண்டு. மன்றத்தார் அவரை ‘அண்ணன்’ என்றுதான் சொல்வார்கள், அவரைவிட எட்டு வயது மூத்தவர்களும் சேர்த்து. அவதூறு ஒழிப்புப் பிரிவு, பின்னூட்டத் தூய்மைப் பிரிவு, விமான நிலைய வரவேற்புப் பிரிவு என்று மன்றத்தில் பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. இவை எல்லாவற்றுக்கும் தலையாயது ‘முகநேரக் கண்காணிப்புப் பிரிவு’. அதன் பொறுப்பாளர் லியூயிங். பகலில் அவளுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களுக்கு இல்லையென்று சொல்லும் வேலை. ஆகவே இரக்கம் குறுக்கே வராமல் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

முகநேரம் என்பது சாதாரணக் கணக்கல்ல. அண்ணனின் முழுமுகம் திரையில் ஒரு நொடி தெரிந்தால் ஒரு நொடி. பக்கவாட்டு முகம் என்றால் அரை. குடை மறைத்தால் கால். முதுகுக்குப் பூஜ்யம். இந்தக் கறாருக்கு ஆழ்ந்த காரணம் இருந்தது. நாடகத்தில் அண்ணனின் குரல் வேறொருவர் கொடுப்பது. வாள் வீசுவது இன்னொருவர். குதிரை மேல் போவது மூன்றாமவர். முகம் ஒன்றுதான் முழுக்க முழுக்க அண்ணனுடைய உழைப்பு. அதையும் பறித்துவிட்டால் அண்ணன் நாடகத்தில் எங்கேதான் இருப்பார்? இந்தக் கேள்விக்கு எதிர்முகாம், அதாவது மற்ற நடிகர்களின் மன்றங்கள், இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அண்ணன் நடித்த ‘மூன்று பிறவியும் ஒரு குடையும்’ என்ற நாற்பது எபிசோட் நாடகம் வெளியாகிக்கொண்டிருந்த காலம் அது. அதை ஒளிபரப்பிய செயலியில் ‘இவரை மட்டும் பார்க்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் அண்ணன் இல்லாத காட்சிகளெல்லாம் விலகி வழிவிடும். கதை என்ற இடையூறே இல்லாமல் நாடகம் பார்க்கலாம். லியூயிங் அப்படித்தான் பார்த்தாள். ஆனால் அவள் அலுவலகத்தில் பக்கத்து மேசை ஹு அக்கா பழைய காலத்து மனுஷி. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவள்.

“ஏன்டி லியூயிங், அந்த இளவரசி கடைசியில விஷத்தைக் குடிச்சாளா இல்லையா?”

“எந்த இளவரசிக்கா?”

“அடியே, உங்க அண்ணன் கட்டிக்கப் போற பொண்ணுடி!”

“ஓ, அதுவா. அண்ணனோட வலது கன்னத்தை மறைச்சுக்கிட்டே நிக்குமே, அதுதானே? அதுக்கு என்ன ஆனா நமக்கென்ன?”

“பின்ன எதுக்கு உங்காளு அழறாரு?”

“இடது கண்ணுல மட்டும் அழறாருக்கா! ஒரே ஒரு சொட்டு. அப்படி அழறதுக்கு வேற யாரால முடியும், சொல்லுங்க?”

“எங்க மாமனாரு அழுவாரு. அவருக்கு ஒரு கண்ணுல புரை” என்றாள் ஹு அக்கா.

நடிப்புக் கலை பற்றி இப்படிப்பட்டவர்களோடு விவாதிக்க முடியாது என்று லியூயிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஜியுஜியாங்கில் ஓர் அப்பாவும் இருந்தார். பெயர் வான் தெஃபா. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் வெறும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் ஹெங்தியான் படப்பிடிப்பு நகரத்துக்குப் போய்த் துணை நடிகர் கூட்டத்தில் சேர்ந்தவர். அங்கே அவர் பஞ்சத்தில் அடிபட்டவராகவும் அரண்மனை வாசலில் ஈட்டி பிடிப்பவராகவும் இருந்திருக்கிறார். பிணமாகக் கிடந்ததுதான் அதிகம். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் மகளைக் கைப்பேசியில் கூப்பிடுவார்.

“யிங்யிங், இந்தத் தடவ எனக்கு வசனம் இருக்கும்மா!”

“ம்.”

“கூட்டத்தோட கோவிந்தா இல்ல. தனியா! படகோட்டி வேஷம். கேமரா எம் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, தெரியுமா?”

“ம். நல்லதுப்பா.”

“எந்த நாடகம்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. உங்கிட்டகூட சொல்ல மாட்டேன், பாத்துக்க.”

“சொல்லாதப்பா” என்றாள் லியூயிங். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு குடை அண்ணனின் நெற்றியை மறைத்துக்கொண்டிருந்தது. குடையா தகப்பனா என்ற நெருக்கடியில் கடமையே வென்றது.

அடுத்த மாதம் இருபத்திமூன்றாம் எபிசோட் வந்தது. நாடே அதிர்ந்திருக்க வேண்டும். மன்றம் மட்டும் அதிர்ந்தது. அன்று மதியமே அவசரக் கூட்டம், கைப்பேசி வழியாக. சாங்ஷாவிலிருந்து தலைவி தலைமை தாங்கினாள். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இணையத்தில் ‘சர்க்கரைவள்ளிக் கிழங்கு’ என்று பெயர்.

“குற்றத்தோட தன்மையைச் சொல்லு தங்கச்சி” என்றாள் கிழங்கு அக்கா.

“ஆத்தங்கரைக் காட்சிக்கா” என்று தொடங்கினாள் லியூயிங். “அண்ணன் படகுல நிக்கறாரு. ஐம்பத்திரெண்டு நொடி ஓடுது. ஐம்பத்திரெண்டு நொடியும் கேமரா ஒரு கிழவன் மூஞ்சியிலதான் இருக்கு.”

“அண்ணன்?”

“முதுகுக்கா.”

“முழுக்கவா?”

“முழுக்க. காது மடல்கூடத் தெரியல.”

எங்கோ ஒரு மாகாணத்தில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

“யாரு அந்தக் கிழவன்? பெரிய கையா?”

“பேருகூடப் போடலக்கா. துணை நடிகன்.”

அப்போது மன்றத்துக்குப் புதியவள் ஒருத்தி, ‘மிளகாய் எண்ணெய்’ என்ற பெயர்க்காரி, வாயைத் திறந்தாள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கிழவரு, தன் மகளை அக்கரையில கட்டிக் குடுத்துட்டு வெறும் படகைத் தள்ளிக்கிட்டு வந்த கதையைச் சொல்றாரே... அவ திரும்பிப் பாக்கவே இல்ல, ஆனாலும் படகு திரும்பற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்னு... எனக்கு அழுகையே வந்துருச்சு. நல்லா நடிச்சிருக்காருக்கா.”

கூட்டத்தில் மைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

“நீ அந்தக் காட்சியைச் சத்தத்தோட பாத்தியா?” என்று கேட்டாள் கிழங்கு அக்கா.

“ஆமாக்கா.”

“கிழவன் மூஞ்சியையும் பாத்தே?”

“பேசறவரைத்தானேக்கா பாக்க முடியும்?”

மிளகாய் எண்ணெய் எதிர்முகாமின் கையாள் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, அவளை நீக்கிவிட்டுக் கூட்டம் தொடர்ந்தது. சான்றுப் படம் தயாரிக்கும் பொறுப்பு லியூயிங்குக்கு வந்தது.

அவள் அதில் தன் திறமையெல்லாம் காட்டினாள். காட்சியை எடுத்து, கிழவரின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, தன் சொந்தக் குரலிலேயே விளக்கம் பேசினாள். “சகோதரிகளே, இந்த வட்டத்துக்குள்ள இருக்கற முகத்தைப் பாருங்க. இவரு யாரு? யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல. இப்படி ஒரு முகத்துக்காகவா நாம சந்தா கட்டறோம்?” கேட்டவர்களுக்கு ரத்தம் கொதித்தது. வட்டம் கோணாமல் இருக்கிறதா, அண்ணனின் கழுத்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அந்தக் காட்சியை அவள் ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தாள். கிழவருக்கு ஒட்டுத்தாடி, நார்த்தொப்பி. குரலும் வேறு யாரோ கொடுத்தது. அதெல்லாம் பெரிய தடையில்லைதான். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

லட்சக்கணக்கில் புகார்கள் பறந்தன. ஐந்தாம் நாள் செயலி நிறுவனம் பணிந்தது. ‘பார்வையாளர்களின் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு’ கிழவரை மொத்தமாகக் கத்தரித்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணன் மிக மெதுவாகக் குடை விரிப்பதை ஒட்டினார்கள். மன்றம் பால் டீ வாங்கிக் கொண்டாடியது. லியூயிங் ‘மாகாணத் துணைத் தலைவி’ ஆனாள். நல்ல வேளை, கதை இதனால் பாதிக்கப்படவில்லை. அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சந்தா கட்டியவர்கள் முதலில் பார்ப்பார்கள். கட்டாதவர்களுக்கு அதே எபிசோட் ஒரு வாரம் பொறுத்து இலவசமாக வரும். வான் தெஃபா டீசல் மிச்சம் பிடித்தே பழகிய ஓட்டுநர். அவர் பொறுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூப்பிட்டார்.

“யிங்யிங், நான் ஊருக்கு வந்திருக்கேன். இன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்துடேன். பெரியத்தை, சித்தப்பா எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். ஏரி மீன் வாங்கியிருக்கேன்.”

“எனக்கு மீட்டிங் இருக்குப்பா. என்ன விசேஷம்?”

“இனிமே சொல்லலாம். நாடகம் வெளிய வந்துருச்சுல்ல? மூணு பிறவியோ என்னமோ, ஒரு குடை. இருபத்திமூணாவது எபிசோட். நான் இன்னும் பாக்கல. எல்லாரோடயும் சேந்து பாக்கலாம்னு வச்சிருக்கேன்.”

அப்பா “ஹலோ, ஹலோ” என்று கத்திப் பார்த்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டார்.

அவள் சான்றுப் படத்தைத் திறந்தாள். முதல் முறையாக வட்டத்துக்குள் பார்த்தாள். கிழவர் துடுப்பை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்திருந்தார், பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல. சின்ன வயதில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிடி அது. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. தகப்பனைத் தானே கத்தரித்து எறிந்துவிட்டோம் என்று, யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல், விளங்கியது. மீட்டிங்கை மறந்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. வீட்டில் அத்தனை பேரும் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து, சத்தமில்லாமல் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்து முடித்துவிட்டார்கள் என்று முகங்களே சொல்லின. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

“அந்தப் பையன் குடையை நல்லாத்தான் விரிச்சான்” என்றாள் பெரியத்தை, யாரிடம் என்றில்லாமல்.

“படகு கூடத் தெரிஞ்சுதே. ஓரமா” என்றார் சித்தப்பா.

பிறகு பெரியத்தை லியூயிங்கை மேலும் கீழும் பார்த்தாள். “அப்புறம் உங்கப்பாகூட நடிக்கற கூட்டாளி ஒருத்தரு ஒரு படம் அனுப்பிச்சாரு. இதுலயாச்சும் முழுசா இருக்கியேன்னு சொல்லி. சிவப்பா வட்டமெல்லாம் போட்டு... எல்லாரும் பாத்தோம். பின்னால ஒரு பொண்ணு பேசுது.” ஒரு விதையைக் கடித்தாள். “குரலு கணீர்னு இருக்குது.”

லியூயிங் சமையலறைக்குப் போனாள். அப்பா மீனின் மேல் வெங்காயத்தாள் தூவிக்கொண்டிருந்தார்.

“அப்பா... நான் உன் முகத்தைப் பாக்கவே இல்லப்பா. சத்தியமா. அவரு முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும்மா.”

“அவருக்கு அநியாயம் நடந்துருச்சுன்னு...”

“அவருக்கா?” அப்பா நிமிர்ந்தார். “அந்த நடிகத் தம்பி அன்னிக்குப் படகுப் பக்கமே வரலையேம்மா. குளிருதுன்னு காரை விட்டே இறங்கல. அந்த முதுகு வேற ஒரு பையனோடது. காய்ச்சலோட, கொட்டற பனியில படகுல நின்னான் பாவம். நான் அவனைப் பாத்துத்தான் வசனம் பேசினேன். என் மகளை நெனச்சுக்கிட்டு.”

லியூயிங்குக்குக் கண்ணீர் வழிந்தது. இரண்டு கண்ணிலிருந்தும்தான், அவளுக்கு அண்ணன் அளவுக்கு நடிப்பு வராது.

“அந்தப் படத்தை எல்லா இடத்துலேருந்தும் எடுக்கச் சொல்லிடறேன்ப்பா. இப்பவே சொல்றேன்.”

“ஐயையோ, எடுத்துடாத!” அப்பா கையைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் பத்திரமாகத் தள்ளினார். “நாம ரெண்டு பேரும் சேந்து நடிச்சிருக்கற ஒரே படம் அதுதானே. நான் ஐம்பத்திரெண்டு நொடி வர்றேன். நீ நாலு நிமிஷம் பேசறே.”

மீன் தட்டை அவள் கையில் கொடுத்தார்.

“போ, எல்லாருக்கும் வை. என்னைவிட உனக்கு நேரம் அதிகம்னு நான் யார்கிட்டயும் புகார் குடுக்கப் போறதில்ல.”