காரம் அண்ணனின் பத்தியம்

திருப்பதியில் ஏழுமலையானுக்கு அடுத்தபடியாக மனிதர்களை அதிகம் அழவைத்தவர் காரம் அண்ணன்தான். மலைமேல் பக்தியில் அழுவார்கள். மலையடிவாரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் அவருடைய மெஸ்ஸில், பச்சை மிளகாய்த் துவையலின் முதல் கவளத்திலேயே அழுவார்கள். இரண்டு இடத்திலும் அழுதவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி முடிப்பார். காரம் என்றால் அங்கே இரண்டு பாஷைக்காரர்களுக்கும் புரியும் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் திருத்தணியிலிருந்து பிழைப்புக்குப் போய், அதே தெருவில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, நாலு வருஷம் அவரிடம் சாப்பிட்டேன். என் நாக்கு இன்று எதற்கும் அசராமல் இருப்பதற்கு அவர்தான் பொறுப்பு.

அவர் பரிமாறும்போது 'போதும்' என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது.

"அண்ணா, போதும்ணா. காது அடைக்குது."

"காதால துன்றியா, வாயால துன்றியா? வாய் தொறந்துதானே கீது? துன்னு நைனா."

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. கடைசி ஆள் கை கழுவிப் போகும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மூன்றரை, நாலு மணிக்கு அடுப்பங்கரையில் நின்றபடியே, குண்டானின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவார். கேட்டால், "பசியோட ஒருத்தன் குந்திக்கினு இருக்கறப்ப பரிமாறுறவன் வாய் அசையலாமா? அசைஞ்சா அது மெஸ் இல்ல, அவன் வூட்டு விசேஷம்" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷம் திடீரென்று அந்த அடி மிச்சமும் இறங்கவில்லை. இரண்டு வாய்க்கே வயிறு நிறைந்துவிட்டது என்றார். இடப்பக்கம் கல்லைக் கட்டின மாதிரி கனம். காற்றுதான் என்று முடிவு செய்து, பன்னீர் சோடாவாகக் குடித்துத் தள்ளினார். பெல்ட் போடாத மனிதர் என்பதால் வேட்டி நழுவும்போதுதான் இளைத்துப்போனது எங்களுக்கே தெரிந்தது. அண்ணி, அதாவது அவருடைய மனைவி, அழுது பிடிவாதம் பிடித்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். இங்கிலீஷ் காகிதம் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் அம்மா தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று அவர் சொன்னதும் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். காரம் அண்ணன் மட்டும் சாம்பாரில் உப்பு குறைவு என்று கேட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதீங்க. உங்களுக்கு வந்திருக்கிறது மெதுவா போற வகை. இதுக்கு மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு. சுகர்காரங்க, பிபிகாரங்க மாதிரி போட்டுக்கிட்டே நல்லா இருக்கலாம். ஆனா நல்லா சாப்பிட்டுட்டு, பெரிய கிளாஸ் தண்ணியோட, தினமும் ஒரே நேரத்துக்கு, மத்தியானம் பன்னெண்டரைன்னா பன்னெண்டரைக்கே போடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

"பத்தியம் இன்னா மேடம்?"

"ஸ்பெஷலா ஒண்ணும் கிடையாதண்டி. சுத்தமா சமைச்சது, எல்லாம் அளவா, நேரத்துக்கு. உப்பும் காரமும் கொஞ்சம் குறைங்க, வயித்துக்கு நல்லது. நடங்க, தூங்குங்க. பம்ப்ளிமாஸ் பழம் மட்டும் வேணாம், இந்த மாத்திரைக்கு ஆகாது. யாராவது பொடி, கஷாயம் குடுத்தா என்னைக் கேக்காம தொடாதீங்க."

வெளியே வந்ததும் அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது. இப்போதுதான் விஷயம் உறைக்கிறது போலிருக்கிறது என்று நான் தோளைத் தொட்டேன்.

"இன்னா நைனா இது அநியாயம்? சளி புடிச்சாவே எங்க அப்பா மூணு நாள் மோர் கண்ணுல காட்டமாட்டாரு. இவ்ளோ பெரிய வியாதிக்கு ஒரு பத்தியம் இல்லியா?"

"பம்ப்ளிமாஸ் வேணாம்னு சொன்னாங்களேண்ணா."

"பொறந்ததுலேந்து நான் பம்ப்ளிமாஸ் துன்னதே இல்ல. துன்னாதத வுடறது ஒரு பத்தியமா?"

டாக்டர் தராவிட்டால் என்ன, ஊரே இருக்கிறதே என்று அண்ணன் கிளம்பிவிட்டார். மெஸ்ஸுக்கு வந்தவரிடமெல்லாம் பத்தியம் கேட்டார். இந்த விஷயத்தில் நம் ஜனங்களைப் போல வாரி வழங்குபவர்களை எங்கும் பார்க்க முடியாது. பாகாலாவிலிருந்து தினமும் ரயிலில் வந்து திருப்பதியில் பாடம் நடத்திய மாஸ்டர் ஒருவர் எங்கள் மெஸ்ஸின் மூத்த வாடிக்கையாளர். அவர் பீட்ரூட்டைத் தவிர எதுவும் ரத்தத்துக்கு ஆகாது என்றார். ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் இளைஞர்கள், போனில் வீடியோ காட்டி, சர்க்கரையே விஷம் என்றார்கள். கத்திரிக்காய் ஆகாது என்றார் ஒருவர். புளி ரத்தத்தைச் சுண்டவைக்கும், மிளகாய் கொதிக்கவைக்கும் என்றார் இன்னொருவர். பீட்ரூட் இனிப்பாயிற்றே, அதில் சர்க்கரை இல்லையா என்று ஒருவர் கேட்டதில் பீட்ரூட்டும் போயிற்று. மாஸ்டர் இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை.

மெஸ் வாசலில் அன்றைய சாப்பாட்டை எழுதும் கரும்பலகை ஒன்று உண்டு. என்ன உண்டு என்று எழுதுவதை விட்டு, என்ன கிடையாது என்று அண்ணன் எழுத ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் பலகையில் இடம் போதவில்லை. யாருடைய கண்ணிலும் படாமல் தப்பிப் பிழைத்தது சுரைக்காய் ஒன்றுதான். நாள் தவறாமல் சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்ப் பப்பு என்கிற பருப்பு, சுரைக்காய் மோர்க்குழம்பு. நோய் அவருக்கு, பத்தியம் எங்களுக்கு.

"அண்ணா, உங்களுக்கு மட்டும் தனியா செஞ்சுக்கக் கூடாதா?" என்று ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டேன்.

"தனியா பத்தியம் இருக்கறவன் வாசனைக்கே தோத்துப் பூடுவான். ஊரே இருந்தா அது பத்தியம்னே தெரியாது. இன்னும் கொஞ்சம் சுரைக்கா போட்டுக்க."

விடியற்காலையில் எங்கள் அறைக் கதவைத் தட்டி, மலைப்படி தொடங்கும் அலிபிரி வரை நடக்கவும் வைத்தார். பாத யாத்திரை வந்த பக்தர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு உற்சாகமாக மலையேறுவார்கள். நாங்கள் அடிவாரத்தைத் தொட்டுவிட்டுச் சுரைக்காய்க்குத் திரும்புவோம். ஊறுகாய் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு வந்து இலைக்கடியில் ஒளித்துச் சாப்பிட்டோம். ஆனாலும் ஒருவர்கூட வேறு மெஸ்ஸுக்குப் போகவில்லை. பயம்தான் காரணம். நாங்கள் போய்விட்டால் அவரும் போய்விடுவாரோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவு கடும் பத்தியத்துக்கு டாக்டர் அம்மா பாராட்டப் போகிறார் என்ற நினைப்பு. டாக்டர் காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். முதல் மாதம் நன்றாக இறங்கிய எண்ணிக்கை மறுபடி ஏறியிருந்தது.

"மாத்திரை விடாம போடறீங்களா?"

"சத்தியமா மேடம்."

திருப்பதியில் இருந்துகொண்டு ஏழுமலையான்மேல் என்று சொல்லாமல் மொட்டையாகச் சத்தியம் செய்தார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"போட்டும் இப்படி ஏறினா வேற மருந்துக்குப் போகணும். முத்திப்போனா என் கையிலயும் இல்ல" என்றார் டாக்டர். திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு திருட்டுக்குத் துணிந்தேன். அண்ணன் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி சித்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அடுக்களையின் மேல்தட்டில் மூன்று மாதமாகத் தொடப்படாமல் இருந்த மிளகாய்ப்பொடி டின்தான் என் குறி. ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து மோர்சோற்றில் போட்டுக்கொள்ளலாம் என்று நாக்கு கெஞ்சியது. ஸ்டூல் போட்டு ஏறி மூடியைத் திறந்தேன்.

டின்னில் பொடி இல்லை. மாத்திரை அட்டைகள் இருந்தன. பிரிக்காத அட்டைகள். ஒன்றிரண்டு கிள்ளியிருந்த அட்டைகள். எனக்கு மிளகாய் தின்னாமலேயே கண் எரிந்தது.

எழுப்பி அவர் முகத்துக்கு நேரே டின்னை நீட்டினேன். எழுந்து உட்கார்ந்தவர் டின்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தார்.

"அந்த டின்ன நீ எதுக்குத் தொறந்த?"

"திருட. நீங்க எதுக்கு இதுல மாத்திரைய வெச்சீங்க?"

அதட்டிப் பார்த்தார். நான் நகரவில்லை. வேட்டி நுனியை நீவிக்கொண்டே சொன்னார்:

"வெறும் வயித்துல போட்டா கொமட்டிக்கினு வருதுடா. துன்னுட்டுப் போடணும்னாங்க. நான் துன்றதுக்கு நாலு ஆவுது. அதுக்குள்ள நேரம் தவறிப் பூடுது. மொதல்ல ரெண்டு நாள் வுட்டேன், ஒண்ணும் ஆவல. அப்பால வாரமா வுட்டேன். பத்தியந்தான் இவ்ளோ இருக்கறமே, அது காப்பாத்தாதான்னு..."

"பன்னெண்டரைக்கு முதல்ல நீங்க சாப்பிட்டா என்ன கேடு?"

"பசியா நீங்கள்லாம் குந்திக்கினு இருப்பீங்க. உங்க முன்னால நான் எப்பிட்றா துன்றது? தொண்டையில இறங்குமா?"

மனிதர் உயிரைவிடப் பந்தி முறையைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நேராகப் போய் மாஸ்டருக்கு போன் போட்டேன். பீட்ரூட் விவகாரத்தில் அண்ணன்மேல் இன்னும் வருத்தமாக இருந்தவர், விஷயத்தைக் கேட்டதும், "நாளைக்கு எவனும் இலை முன்னால உக்காரக் கூடாது. எல்லாருக்கும் செப்பண்டி, சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு முப்பது பேர் மெஸ்ஸுக்குள் வந்தோம். யாரும் உட்காரவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்த ஸ்ரீ சிட்டி இளைஞர்கள் பசியில் தள்ளாடிக்கொண்டு நின்றார்கள். காலையில் சித்தூரிலிருந்து திரும்பி நடந்ததைக் கேட்ட அண்ணி, ஒரே ஓர் இலை போட்டு, பக்கத்தில் மாத்திரை அட்டையும் பெரிய சொம்பில் தண்ணீரும் வைத்தார்.

"நீங்க துன்னாத்தான் நாங்க துன்னுவோம்" என்றார் மாஸ்டர். 'துன்னு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் கத்தினார். கரண்டியை வீசினார். தெலுங்குக்குத் தாவி எங்கள் பரம்பரையை விசாரித்தார். நாங்கள் அசையவில்லை. கடைசியில் உட்கார்ந்து ஒரு கவளத்தை எடுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

"முப்பது பேரு இப்பிடி வாயப் பாத்துக்கினு இருந்தா எப்பிடி இறங்கும்? வயித்துவலி வரும்டா எனக்கு."

அது நியாயமாகப் பட்டது. மாஸ்டர் வகுப்பில் சொல்வதுபோல் "எல்லாம் திரும்பு" என்றார். முப்பது பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றோம். பின்னால் மெதுவாகச் சோறு பிசையும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து மொட்டை போட்ட வெளியூர்க் குடும்பம் ஒன்று சாப்பிட வந்தது. சுவரில் ஏழுமலையான் காலண்டர். அதைப் பார்த்து முப்பது பேர் அசையாமல் நிற்கிறோம். குடும்பத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் காதில் "இன்னும் எவ்வளவு நேரம் பூஜை?" என்று கேட்டார்.

"ஒரு சொம்பு தண்ணி குடிக்கிற நேரம்தான்" என்றேன். அந்தக் குடும்பமும் கைகூப்பிச் சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் மாத்திரை அட்டை கிழியும் சத்தமும், தண்ணீர் மடமடவென்று இறங்கும் சத்தமும் கேட்டன. அதன் பிறகு ஒரு பெரிய ஏப்பம்.

அது தினசரி வழக்கமாகிவிட்டது. டாக்டர் அம்மாவிடம் அண்ணன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வாங்கவேண்டிய திட்டையும் வாங்கிக்கொண்டார். கரும்பலகை துடைக்கப்பட்டது. அளவாக எல்லாமும் திரும்பி வந்தன. மாத்திரையால் முகம் கொஞ்சம் உப்பி, கண்ணுக்குக் கீழே வீங்கி, எப்போதும் அழுதுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று அவ்வப்போது கத்துவார். ஆனால் அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, "இப்படியே போங்க, ஆனா நிறுத்தறது மட்டும் நான் சொல்லாம கூடாது" என்று டாக்டர் அம்மா சிரித்த அன்று, மெஸ்ஸில் பழையபடி பச்சை மிளகாய்த் துவையல் அரைத்தார். எல்லோரும் அழுதோம். மாஸ்டர் துவையலைத் தொடுவதற்கு முன்பே அழுதுவிட்டார்.

இது நடந்து ஆறேழு வருஷம் ஆகிறது. போன மாதம் திருப்பதி போயிருந்தபோது மெஸ்ஸுக்குப் போனேன். டின்னில் மிளகாய்ப்பொடி இருந்தது. பாதிப் பேர் புது முகங்கள். பன்னிரண்டரை அடித்ததும் எல்லோரும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். எதற்கு என்று ஒருவனைக் கேட்டேன். "தெரியாதுண்ணா, இங்க இப்படித்தான்" என்றான். பின்னாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "யாரு அது பேசறது? மனுசன நிம்மதியா துன்ன வுடமாட்டீங்களா?"

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. மதியம் பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டுக்கு முன் பிரார்த்தனையா என்று ஆபீசில் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் நான் சாப்பிடுகிறேன்.