குச்சியக்காவும் தும்மாத தெருவும்

அடுத்தவன் தும்மினால் முகம் மலர்கிற ஒரே மனுஷி இந்த உலகத்தில் எங்கள் குச்சியக்காதான்.

சுசீந்திரத்தில் எங்கள் தெருவே சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆராய்ச்சிக்குக் கையை நீட்டியிருந்தது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கே தெரியாது. பிறகு சளி பிடித்தவர் மூக்கில் நீளக் குச்சியை விட்டெடுத்து ஐஸ்பெட்டியில் கொண்டுபோவது அக்காவின் வேலை. தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அலை மாதிரி ஏறி இறங்கும் குரல். "எனக்க மக்கா, ஒரு சின்னத் தும்மலாவது உண்டா?" என்று வீடு வீடாக ஏக்கத்தோடு கேட்பாள். கல்யாணப் பந்தலில் எங்கள் தெரு மாப்பிள்ளை தும்மினான். தாலிக்கு முந்தி குச்சி ஏறிவிட்டது. நாதஸ்வரக்காரர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் வாசித்தார்.

ஐப்பசி மழையோடு வந்தது வினை. உரக்கடை அண்ணாச்சி தெருவைக் கூட்டினார். "ஏலே, நம்ம தும்முனா ஊசி சரியில்லண்ணு ஆயிரும். அந்தக் குச்சிப் பிள்ளைக்க வேலைதான் போவும், கேட்டியளா?"

தெரு உருகிப்போனது. அக்காவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் சுக்குக்காப்பி ஒளியும். சளிக்காரர்கள் வயலுக்கு ஓடுவார்கள். ஓட முடியாதவர் தும்மும்போதெல்லாம் மிக்ஸி ஓடும். அக்காவின் ஐஸ்பெட்டி காலியாகவே வந்து காலியாகவே போயிற்று. அவள் முகம் மழையில் விட்ட துணியாகத் தொங்கிப்போனது.

ஒருநாள் வாசலில் நின்று "நல்ல சுகம் அக்கா" என்று சொல்ல வாய் திறந்தேன். காக்கையெல்லாம் பறக்க ஒரு தும்மல்!

அண்ணாச்சி ஓடிவந்தார். "மக்ளே, அது தும்மலில்ல, சிரிப்பாக்கும்!"

அக்கா முறைத்த முறைப்பில் உண்மையைக் கக்கிவிட்டார். அவள் தலையில் கைவைத்தாள்.

"எனக்க பொன்னண்ணாச்சி! மருந்து போட்டவனும் தும்மல, உப்புத்தண்ணி போட்டவனும் தும்மலண்ணா, உப்புத்தண்ணியும் மருந்தாயிரும்லா! இந்த மழை தப்புனா இத்தன நாள் பாடும் பாழு. தயவுசெஞ்சு தும்முங்க!"

மடை திறந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். சளியே இல்லாத அண்ணாச்சி மிளகுப்பொடியோடு வந்து அடி வாங்காத குறையாகத் திரும்பினார்.

மழை ஓய்ந்தபோது ஆராய்ச்சிக்கு வேண்டிய சளியெல்லாம் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் அவளுக்கு இனி வேலையில்லை. தும்மித் தும்மியே அவளை வழியனுப்பிவைத்தோம்.

இப்போதும் யாராவது தும்மினால் நாலு வீட்டுக் கதவு திறக்கிறது. கொஞ்ச நேரம் எல்லோரும் தெருமுனையைப் பார்க்கிறோம்.