தொண்ணூறு விநாடி வைராக்கியம்

சாவிக்காரர் ஒரு வைராக்கியம் எடுத்தார். இனிமேல் போனில் ஆட்டம் ஓடும்போது மனைவி எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். மாட்டேன்.

பாவம், அவர் பட்ட பாடு அப்படி. திரை முழுக்கப் பழம், குடை, மீன், மணி என்று படங்கள் குவிந்து கிடக்கும். ஒரே மாதிரி இரண்டைத் தட்டினால் ஜோடி மறையும். தொண்ணூறு விநாடிக்குள் எல்லாம் மறைய வேண்டும். பூட்டைப் பார்த்ததுமே சாவியைச் சொல்கிற கண் அவருக்கு. ஆட்டத்தில் புகுந்து விளையாடினார். ஆனால் கண் அங்கே போனால் காது எங்கே நிற்கும்? யார் என்ன கேட்டாலும் வாய் தன் பாட்டுக்கு "சரி, சரி" என்றது. அப்படித்தான் போன மாதம் வீட்டு ஜன்னல் திரை ஏழையும் துவைத்தார். விடியற்காலை மாமனாரோடு நடக்கவும் போனார்.

இந்த ஞாயிறு ஆபத்து பெரியது. காலை பத்து மணிக்கு வாராந்தரப் போட்டி. முதலிடம் வந்தால் பெயருக்குப் பக்கத்தில் தங்கக் கிரீடம். எதிர்வீட்டுத் தையல்காரர் மூன்று வாரமாகத் தன் கிரீடத்தைச் சொல்லிச் சொல்லியே இவரை வறுத்தெடுக்கிறார். பார்த்து அதே ஞாயிறுதான் மச்சான் வீடு மாற வேண்டுமா? மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரும்பு பீரோ இரண்டு.

சனிக்கிழமை மாலை பயிற்சி. மனைவி துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, நாளைக்கு அண்ணன் வீட்டுக்கு வருவீங்களா?"

"மாட்டேன்." குடையும் குடையும் மறைந்தன.

"கொஞ்ச நேரமாவது?"

"மாட்டேன்."

"ரெண்டு அட்டைப்பெட்டி மட்டும் தூக்கிக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்னா மாட்டேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு வெற்றியை அவர் கண்டதில்லை. உற்சாகம் தலைக்கேறியது. மீனும் மீனும். மணியும் மணியும். இன்னும் நாற்பது விநாடி.

மனைவி ஒரு சட்டையை நிதானமாக மடித்து முடித்தாள்.

"சரி, நான் வற்புறுத்தல. அண்ணனே நேர்ல வந்து கூப்பிட்டா, முடியாதுன்னு சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன்."

"பீரோவை வேற யாரையாவது தூக்க விடுவீங்களா?"

"மாட்டேன்." பதினோரு விநாடி. விரல் பறந்தது.

"பாதியில விட்டுட்டு ஓடி வந்துடுவீங்களா?"

"மாட்டேன்."

"போனை நான் வீட்டுலயே வாங்கி வச்சுக்கிட்டா கோவிச்சுப்பீங்களா?"

"மாட்டேன், மாட்டேன், மாட்டேன்."

கடைசி ஜோடி மறைந்தது. இரண்டு விநாடி மிச்சம். சாவிக்காரர் துள்ளி எழுந்தார்.

"பாத்தியா? ஆட்டமும் ஜெயிச்சேன். நீ கேட்ட ஒண்ணுக்கும் மசியல."

"ஆமாங்க. சொன்ன சொல் மாறாத மனுஷன் நீங்க."

"பின்ன?" என்று மீசையைத் தடவினார்.

மனைவி உடனே அண்ணனுக்கு போன் போட்டாள். "அண்ணே, காலையில வந்து கூப்பிடு. முடியாதுன்னு சொல்ல மாட்டாராம். பீரோவை வேற யாரையும் தொட விட மாட்டாராம்." மீசையில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிறு பத்து மணிக்கு அவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருந்தார். பீரோ அவர் முதுகில் இருந்தது.

பொழுது சாயும் வேளையில் சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்தார். வாசலிலேயே தையல்காரர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, கிரீடம் உங்களுக்குத்தான். நாப்பத்தோரு விநாடியில முடிச்சிருக்கீங்களே, எப்படிண்ணே?"

சாவிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனார். மனைவி சோபாவில் சாய்ந்து அவருடைய போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயா ஆடினே?"

"உங்க பேர்லதான் ஆடினேன். கிரீடம் நிலைக்கணும்னா அடுத்த வாரமும் நீங்க போனைத் தொடக் கூடாது" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க சித்தப்பா வீட்டுல நாலு கட்டிலை மாடிக்கு ஏத்தணுமாம். அனுப்பி வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."