நான் சபைநடுவே கிருமி குடித்த கதை

சனத்துக்கு முன்னால் எழுந்து பேச எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் பயந்த சுபாவம் இருந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் "தெரியாது" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, வயிற்றுக்கும் மானத்துக்கும் சேதமில்லாமல் வீடு திரும்பியிருப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. விவசாயப் பாடசாலையில் படித்து முடித்த கையோடு விவசாயப் போதனாசிரியர் என்ற பதவியையும் ஒரு சைக்கிளையும் தந்து, யாழ்ப்பாணத்தில் உடுப்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். (அந்தத் தோட்டக்காரர்கள் அப்போது வெங்காயமும் மிளகாயும் விற்றுக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நானோ அளவெட்டியில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு கத்தரிக்கன்றைக்கூடக் காய்க்க வைத்தவனில்லை.)

பருப்புக்குத் தட்டுப்பாடான காலம் அது. பருப்புக்குப் பதிலாகச் சோயாவை விதையுங்கள் என்று மேலிடம் சொன்னது. சோயா எங்கள் மண்ணுக்குப் புதிது. அதன் வேரில் குடியிருந்து, காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்க ஒருவகைப் பற்றீரியா வேண்டும். அது எங்கள் மண்ணில் இல்லை. ஆகவே அதை வெளியிலிருந்து தருவித்து, கரிய சேற்றுமண் தூளில் கலந்து, பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்கள். விதையை நனைத்து அந்தத் தூளில் பிரட்டி நடவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விவசாயக் கந்தோரில் இருந்த என் மேலதிகாரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிற மனிதர், பொட்டலத்தைக் கையில் தந்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"புது உயிர் ஒண்டை அவையின்ரை மண்ணுக்குள்ளை விடப்போறம். முதலிலை அவையைக் கேளும். கூட்டம் வையும். சம்மதிச்சால்தான் பொட்டலத்தை அவிழ்க்கலாம்."

"சேர், இது விஞ்ஞானம். சனத்திட்டை வாக்கெடுத்தோ விஞ்ஞானம் நடத்திறது?"

"மண் அவையின்ரை, தம்பி" என்றார்.

சரி, போகட்டும். கால் மணித்தியாலம் பேசினால் கையொப்பம் தானாக விழும் என்று கணக்குப் போட்டேன். என் வேலை இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் இது. மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். (கண்ணாடியில் இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழுச் சம்மதம்.)

கூட்டம் ஊர் வாசிகசாலையில். நாற்பது பேர் வந்திருந்தார்கள். வேலையிலிருந்து இளைப்பாறிய போஸ்ற்மாஸ்ரர் ஒருவர் தலைவர். செயலாளர் தருமலிங்கம் மாஸ்ரர், கணக்குப் படிப்பிக்கிறவர். கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவார். கூட்டத்தில் யாராவது தும்மினால் அதுவும் கூட்டக்குறிப்பில் ஏறும் என்று ஊரில் பேச்சு.

நான் அரை மணித்தியாலம் முழங்கினேன். "வளிமண்டல நைதரசன்" என்றேன். "நுண்ணங்கிகளின் கூட்டுவாழ்வு" என்றேன். பின்னால் கிடந்த மரவாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது:

"தம்பி, நுண்ணங்கி எண்டால் என்ன?"

"கிருமி" என்றேன்.

அதுவரை சாய்ந்திருந்த சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. பிழைவிட்டது விளங்கியது. அவசரமாகத் திருத்தினேன். "நல்ல கிருமி!"

"நல்ல கிருமி எண்டும் இருக்கோ? நல்ல பாம்பு மாதிரியோ?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் எடுத்தது. அடங்கியதும் பூமணி அக்கா எழுந்தா. புருசன் கொழும்பில் கடை ஒன்றில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவார். இரண்டு வெங்காயத் தோட்டங்களையும் தனியாளாக நடத்துகிறவ அக்காதான். தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தா. சேலைத் தலைப்பில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

"தம்பி, எனக்கு மூண்டு கேள்வி. இந்தக் கிருமியை மண்ணுக்குள்ளை விட்டாப் பிறகு, வேண்டாம் எண்டால் திருப்பி எடுக்கலாமோ? ரெண்டாவது, சோயா புடுங்கின நிலத்திலை வெங்காயம் நட்டால், வெங்காயத்தை அது என்ன செய்யும்? மூண்டாவது, ஏதும் பிழைச்சால் நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? அவர் எங்களுக்கு மறுமொழி சொல்லுவாரோ?"

பெரிய பெரிய விஞ்ஞானிகள் மகாநாடு கூட்டித் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்விகள் இவை என்று பிற்காலத்தில் அறிந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மூன்றுக்கும் எனக்கு விடை தெரியாது என்பது மட்டும்தான். விடை தெரியாத இளைஞன் என்ன செய்வான்? கேட்டவருக்குப் பயம் என்று முடிவுகட்டுவான்.

"அக்கா, நீங்கள் வீணாப் பயப்படுறியள். இஞ்சை பாருங்கோ!"

யன்னல் கட்டில் தண்ணீர்க் குவளை மாதிரி ஒரு பேணி இருந்தது. எடுத்தேன். மண்கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்தேன். சம்மதம் கிடைத்த பிறகே அவிழ்க்க வேண்டிய பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கால்வாசித் தூளைக் கொட்டி விரலால் கலக்கினேன்.

தலைவர் எழும்பி, "தம்பி, அந்தப் பேணி..." என்று தொடங்கினார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று கையால் அமர்த்திவிட்டு, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன்.

மாரிகாலத்து வாய்க்காலைத் துணியால் வடிக்காமல் குடித்ததுபோல இருந்தது. அதோடு, செப்புக்காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு துவர்ப்பு. (விஞ்ஞானத்தின் சுவை இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.) பேணியைக் கவிழ்த்துக் காட்டி, சபையைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தேன். "பாத்தியளே? ஒண்டும் இல்லை!"

முன்வாங்குக்காரர் வாங்கோடு சேர்த்துப் பின்னால் நகர்ந்தார்கள். என் பல்லெல்லாம் தார் பூசியதுபோல் கறுப்பாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பூமணி அக்கா மட்டும் அசையவில்லை.

"தம்பி, உங்களை ஆர் குடிக்கச் சொன்னது? நான் கேட்டது வேறை கேள்வி எல்லே?"

மறுமொழி சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது மறுமொழி அல்ல. பாதியைத் தலைவரின் வேட்டி வாங்கிக்கொண்டது. மீதியோடு நான் வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த வாழைகளை நோக்கி ஓடினேன். அங்கே முழங்காலில் நின்று, காலையில் தின்ற இடியப்பம் முதல் விவசாயப் பாடசாலையில் படித்த பாடம் வரை சகலதையும் மண்ணுக்கு உரமாகக் கொடுத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது பூமணி அக்காதான். "வயித்திலை கிடக்கிறது முழுக்கச் சத்தி எடுக்கட்டும். எடுத்தால்தான் நல்லது" என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா.

தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"நான் சொல்ல வந்தது இதைத்தான். பேப்பர் ஒட்டப் பசை கரைக்கிற பேணி அது. பூச்சி அரியாமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் கரைக்கிறனாங்கள்."

மயில்துத்தம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே போதும், உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கூப்பிட்டு வந்துவிடும். எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. கிடந்த கிடையிலேயே விரலை உயர்த்தினேன்.

"அப்ப கிருமி இல்லை! பேணிதான்! கிருமியிலை ஒரு பிழையும் இல்லை!"

"கிருமி நல்லதாவே இருக்கட்டும்" என்றா பூமணி அக்கா. "பேணியை ஆர் பாத்தது? அதுவும் ஒரு கேள்விதான். மாஸ்ரர், நாலாவதா எழுதுங்கோ."

மாஸ்ரர் வாழையடியில் நின்றபடியே எழுதினார்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் கிடந்து எழும்பி, மூன்றாம் நாள் கந்தோருக்குப் போனேன். கையில் ஓர் அறிக்கை. "கிராம மக்கள் போதிய விஞ்ஞான அறிவு அற்றவர்களாகக் காணப்படுகின்றனர்" என்று அழகான கையெழுத்தில் தொடங்கியிருந்தேன். ஆனால் தருமலிங்கம் மாஸ்ரரின் கூட்டக்குறிப்பு எனக்கு முன்னரே தபாலில் வந்து சேர்ந்திருந்தது. மேலதிகாரி அதை எடுத்து உரத்து வாசித்தார். கந்தோரில் தட்டெழுத்துச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"உத்தியோகத்தர் அரை மணித்தியாலம் உரையாற்றினார். சபைக்கு விளங்கவில்லை. திருமதி பூமணி மூன்று கேள்விகள் கேட்டார். உத்தியோகத்தர் மறுமொழி கூறாது கிருமியைக் குடித்தார். சபை அவரைக் குடிக்கும்படி கேட்கவில்லை. பின்னர் உத்தியோகத்தர் வாழைகளின் அடிக்குச் சென்றார். நான்காவது கேள்வி சேர்க்கப்பட்டது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது."

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்தார், தோள் குலுங்கியது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"நாலும் நல்ல கேள்வி. உமக்கு மறுமொழி தெரியுமோ?"

"தெரியாது, சேர்."

"அதை அங்கை சொல்லியிருக்கலாமே. ஒரு சொல்லுத்தானே."

என் அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றே ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும், வாழ்க்கையில் முதல் தடவையாக, பரீட்சை இல்லாமலே புத்தகம் படித்தேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு முந்தியதைவிட மூன்று மடங்கு சனம். (மண்மீதுள்ள அக்கறையால் வந்தவர்கள் பாதி. நான் திரும்பவும் குடிப்பேனோ என்று பார்க்க வந்தவர்கள் பாதி.) முன்வாங்கு முழுவதும் காலி. தலைவர் பழைய வேட்டி கட்டி வந்திருந்தார்.

"முதலாவது கேள்விக்கு மறுமொழி: திருப்பி எடுக்க ஏலாது. விட்டால் விட்டதுதான்" என்றேன்.

எதிர்ப்புக் கிளம்பும் என்று எதிர்பார்த்தேன். சபை முதன்முறையாகத் தலையாட்டியது. வெங்காயத்துக்குத் தீங்கு செய்ததாக எங்கும் தெரியவில்லை, ஆனால் எங்கள் செம்மண்ணில் இன்னும் ஒருவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிழைத்தால் என்னிடம் சொல்லலாம், நான் அசையாவிட்டால் மேலதிகாரியிடம் போகலாம் என்று இரண்டு விலாசங்களையும் கரும்பலகையில் எழுதினேன். நாலாவது, பொட்டலத்தை ஊரவர் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவிழ்ப்பது. பாத்திரத்தை அவர்களே கழுவுவது.

அதன்பிறகு இரண்டு மணித்தியாலம் அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறந்த கூட்டம் அதுதான். கடைசியில் முடிவு வந்தது: பூமணி அக்காவின் தோட்டத்தில், வெங்காயத்திலிருந்து தள்ளி ஒரே ஒரு துண்டு நிலம், ஒரே ஒரு போகம், ஐந்து பேர் கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்க்கவேண்டும். அவர்கள் ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். அது எனக்குத்தான் விளங்காமல் போயிற்று.

சோயா பச்சைப் பசேலென்று வளர்ந்தது. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினேன். மிளகு மிளகாக முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பு, கிருமி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

"உவைதானோ உங்கடை ஆக்கள்?" என்று குனிந்து பார்த்தா பூமணி அக்கா. அடுத்த போகம் அதே துண்டில் நட்ட வெங்காயமும் நன்றாகவே விளைந்தது. (சோயாவை அவித்தபோது வந்த மணத்தைத்தான் ஊரில் ஒருவராலும் சகிக்க முடியவில்லை. அக்காவின் பசுமாடு மட்டும் ஏகமனதாக ஆதரித்தது.)

வேலை நிரந்தரமானது. கூடவே "கிருமி ஐயா" என்ற பட்டமும் நிரந்தரமானது. பிறகு கலியாணம் செய்தேன், பெண் பிறந்தாள். கதை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லாமல் நான் எங்கேயாவது சுற்றினால், என் மகள் சொல்வாள்: "அப்பா, குடிக்காமல் மறுமொழி சொல்லுங்கோ."

அவளுக்குக் கலியாணம் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் என்னிடம் ஏதோ கேட்டார். நான் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போனேன். உள்ளேயிருந்து பழக்கதோசத்தில் குரல் வந்தது: "அப்பா, குடிக்காமல் மறுமொழி சொல்லுங்கோ."

தேத்தண்ணிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. மரியாதையாக எழும்பிப் போனார்கள். போனவர்கள் நான் வேலை பார்த்த ஊரில் விசாரித்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், விசாரித்தது தருமலிங்கம் மாஸ்ரரிடம்.

"ஆள் குடிக்கிறவரோ?"

"ஒருதரம் குடிச்சவர். சபைக்கு முன்னாலை குடிச்சவர். நான் நேரிலை பாத்தனான். பிறகு வாழையடியிலை கிடந்தவர்."

என்ன குடித்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு மாஸ்ரர் மறுமொழி சொல்வதில்லை.

விசயம் காதுக்கு எட்டியதும் நான் மாஸ்ரரிடம் ஓடினேன். அவர் பழைய கூட்டக்குறிப்புக் கொப்பியைத் தேடி எடுத்து, தானே பஸ் ஏறிக் கொண்டுபோய் அவர்களிடம் வாசிக்கக் கொடுத்தார். கலியாணம் குறித்த நாளில் நடந்தது.

இன்றைக்கும் நான் மகள் வீட்டுக்குப் போனால் சம்பந்தி என்னைக் கதிரையில் இருத்தி, தன் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். நீட்டும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

"குடியுங்கோ சம்பந்தி. பேணி நான் பாத்தனான்."