பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் படிவம் நீட்டியவர்கள்

மட்டாஞ்சேரி
14-11-1979

பம்பாய் செம்பூரில் குடியிருக்கும் சௌபாக்கியவதி கனகாம்பாளுக்கு, உன் அப்பா லக்ஷ்மிநாராயணன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளையும் அவரைப் பெற்றவர்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். மானத்தைப் பொறுத்தமட்டில் நான் சௌக்கியமில்லை. போன சனிக்கிழமை முதல் தெருவில் தலை காட்டவில்லை. முப்பத்தொரு வருஷம் மிளகுக் கம்பெனியில் கணக்கு எழுதி ஒருத்தரிடமும் ஒரு சொல் வாங்காதவன், சொந்தக் கூடத்திலேயே அசடு வழிந்து நின்றேன்.

நடந்தது இதுதான். உன் தங்கை கமலாக்ஷிக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டதே என்று, தரகர் வெங்கிட்டுவிடம் ஜாதகம் கொடுத்து, வெளிநாட்டு வரனாகப் பாரும் ஐயா என்று சொல்லி வைத்திருந்தேன். கமலாவிடம் மூச்சு விடவில்லை. அவரும், எந்த நாளும் ஆள் வரலாம், தயாராக இருங்கோ என்றார். அதே வாரம் கமலா பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து, "அப்பா, சனிக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேர் நம்மாத்துக்கு வரா. வெளிநாட்டு விஷயம். வீட்டையும் உங்களையும் பாக்கணுமாம். உங்களுக்குச் சம்மதம்னாதான் மேல போவா" என்றாள். சொல்லும்போது முகத்தில் வெட்கம் வேறு. நீயே சொல், எந்தத் தகப்பன் வேறு மாதிரி நினைப்பான்? வெங்கிட்டு நேராகப் பெண்ணிடமே பேசி முடித்துவிட்டாரே, காலம் இப்படிப் போகிறதே என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் சந்தோஷம்தான்.

எதிர்வீட்டு குஜராத்தி சேட்டிடம் நல்ல நாற்காலிகள் நாலு இரவல் வாங்கினேன். அம்மா சொஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டாள். பட்டுப்புடவை கட்டிக்கோ என்று கமலாவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா?" என்றாலும் கட்டிக்கொண்டாள். நாலு மணிக்குச் சரியாக வந்தார்கள். கதர்ப் புடவையில் ஐம்பது வயசு அம்மாள் ஒருத்தி, திருவனந்தபுரமாம். கூட ஒரு வாட்டசாட்டமான பையன், பெயர் வைத்தீஸ்வரன், ஒற்றப்பாலம். சுற்றி வளைக்காமல் கோத்திரம் என்ன என்றேன். அவன் திருதிருவென்று விழித்து, கௌசிகம் என்றான். நாங்கள் பாரத்வாஜம், ஒரு தடையுமில்லை என்று நானே பெரிதாகச் சிரித்தேன். கமலாவைப் பாடச் சொன்னேன், பாடினாள். "பலே! அங்கே குழந்தைகளுக்கு இது நல்ல உபகாரமாக்கும்" என்றாள் அந்த அம்மாள். அதற்குள் குழந்தைகள் வரை போய்விட்டாளே என்று எனக்குப் புல்லரித்தது.

பிறகு அவள் ஒரு பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "முதலில் ரெண்டு வருஷத்துக்காக்கும். இஷ்டமானால் ஒரு வருஷம் நீட்டலாம்" என்றாள். எனக்குக் காப்பி புரையேறியது. அப்புறம் என்று கேட்டேன். "அப்புறம் வேறே பெண்ணை அனுப்புவோம். இதுவரை நாலு பேரை அனுப்பியாச்சு, எல்லாரும் சந்தோஷம், கேட்டோ" என்றாள். பையனைப் பார்த்தேன். அவன் பெருமையாக, "நானும் அங்க ரெண்டு வருஷம் இருந்தேன் மாமா. ஒரே வீட்ல நாலு பேர். நன்னா ஒத்துமையா இருந்தோம்" என்றான். அட கடவுளே! அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டாமா நான்? எல்லாம் ஜாதகம் சொல்லட்டும் என்று இன்னொரு நகலை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஃபைலில் வைத்துக்கொண்டு, "இது போராது. முனிசிபாலிட்டி பிறப்பு சர்டிபிகேட்டும் வேணும்" என்றாள்.

"அப்பா!" என்று கமலா ஒரு கத்து கத்தினாள். "இவா பொண்ணு பாக்க வந்தவா இல்லேப்பா! தொண்டர் சங்கத்துலேர்ந்து வந்திருக்கா. ஜாம்பியாவுல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்குடுக்க நான் மனு போட்டிருக்கேன்!" அந்தப் பையன் கையிலிருந்த பஜ்ஜியை மெல்லத் தட்டிலேயே திரும்ப வைத்தான், கனகம். பூமி பிளக்காதா என்று இருந்தது எனக்கு. நாற்காலிக்குச் சொந்தக்கார சேட்டு வேறு வாசல் ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கூசியது. நிதானமாக எல்லாம் விளக்கினாள். புறப்படுமுன் ஒரு மாசப் பயிற்சி, அந்த ஊர் பாஷை, தடுப்பூசி. போன இடத்தில் வீடு, கொசுவலை, சைக்கிள், கைச்செலவு, வைத்தியம். மூன்று மாசத்துக்கு ஒரு முறை சங்கத்து அதிகாரி நேரில் போய், பள்ளிக்கூடத்தார் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல், சுகமா, கஷ்டமா என்று தனியாகக் கேட்பாராம். கஷ்டம் என்றால் திரும்ப டிக்கெட்டாம். "காரணம் எழுதித் தர வேண்டாம். ஒண்ணும் பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம்" என்றாள். பாதியில் வந்தால் நாலு பேர் என்ன சொல்லுவா என்று கேட்டேன். "யாராவது என்னமும் சொல்லட்டும். நாங்கள் விமான நிலையத்தில் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம்" என்றாள். பெற்றவர் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அதில் ஒரு கேள்வி: முன்கூட்டித் திரும்பினால் இவளை ஏற்கும் வீடு எது? பேனாவைத் திறந்தேன், மறுபடி மூடினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நாலு நாளாய்ப் படிவம் மேஜை மேல் கிடக்கிறது. கமலா என்னோடு பேசுவதில்லை. வெங்கிட்டுவோ, லக்ஷ்மிநாராயணன் பெண்ணை ஆப்பிரிக்காவுக்குக் கட்டிக்கொடுக்கிறாராமே என்று சாயாக்கடையில் நின்று விசாரிக்கிறாராம். மாசக் கடைசிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஆகவே கனகம், நீ அக்கா, நீ சொன்னால் கேட்பாள். பெண் என்றால் கல்யாணம்தான் கதி, ஊர் விட்டு ஊர் போனால் யார் பார்ப்பார்கள் என்று உடனே அவளுக்கு ஒரு கடிதம் போடு. சம்பந்திகளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. உறையை ஒட்டப்போகும்போது உன் அம்மா கேட்டாள்: "மூணு மாசத்துக்கு ஒருதரம் ஆள் போய்ப் பாப்பாளாமே, நம்ம கனகத்தை நாலு வருஷத்துல நாம எத்தனை தரம் போய்ப் பாத்தோம்?" ஒரு தரமும் இல்லை. முதல் வருஷம் நீ ஒரு கடிதம் போட்டாய், இங்கே இருக்க முடியவில்லை அப்பா என்று. அனுசரித்துப் போ என்று கார்டில் ஒரு வரி எழுதினேன். அதன்பிறகு நீ சௌக்கியம் தவிர எதுவும் எழுதுவதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, கனகம். பஜ்ஜிக்காக இல்லை. கமலாவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நம் விலாசத்தை எழுதிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை பம்பாய்க்கு ரயில் ஏறுகிறேன். உன்னைத் தனியாக ஒரு கேள்வி கேட்பேன். உன் கடிதங்களை உன் மாமியார் முதலில் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். திரும்பி வர இரண்டு டிக்கெட்டாக எடுக்கப்போகிறேன்.